பரணில் தூங்கும் மடிக்கணினி – வீட்டுக்கு ஒரு சர்வர்!



'சர்வர்' என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஓட்டலில் தோசை கொண்டு வருபவர்தான். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும், அவ்வளவுதான்! ஏ.சி. அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தால்தான் சர்வர் என்று நினைக்க வேண்டாம். சர்வர் என்பது மெஷினின் பெயரல்ல, வேலையின் பெயர். 1990-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டியது ஒரு நெக்ஸ்ட் மேஜைக் கணினியில்தான். யாரும் சுவிட்சை அணைத்துவிடக் கூடாதே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தார்கள்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வந்தவற்றில் பல இன்று பரணில் தூங்குகின்றன. "இனி இது எதுக்கு ஆகும்?" என்று சொல்லித்தான் பக்கத்து வீட்டு அண்ணன் தன்னுடையதை எனக்குக் கொடுத்தார். 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். கேம் விளையாட உதவாது, சர்வருக்குத் தாராளம்!

லேப்டாப் ஏன் நல்லது?

முதலாவது, பேட்டரி. கரண்ட் போனாலும் மெஷின் உடனே அணையாது. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் கெடாது. யு.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மின்செலவு. திரை அணைந்த நிலையில் சுமார் 15 வாட் என்று கணக்குப் போடுவோம். 24 மணி நேரத்துக்கு 0.36 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். 80 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் அதே காலத்தில் 115 யூனிட்! ஈ.பி. பில் கட்டுகிற அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும், அனுமதி கிடைத்துவிடும்.

எப்படிச் செய்வது?

1. பிராசஸர் 64-பிட்டா என்று பாருங்கள். 2025-ல் வந்த டெபியன் 13, 32-பிட் மெஷின்களில் நிறுவ வராது.

2. பழைய ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். இது இலவசம். டெஸ்க்டாப் வேண்டாம், எஸ்.எஸ்.ஹெச். சர்வர் மட்டும் டிக் செய்யுங்கள். பிறகு வேறு கணினியிலிருந்தே எல்லாக் கட்டளையும் கொடுக்கலாம்.

3. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கப் போய்விடும். செட்டிங் ஃபைலில் மூடிக்கான வரியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள்.

4. ரூட்டரில் இதற்கென்று நிலையான ஒரு ஐ.பி. முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் தினமும் தேட வேண்டியதுதான்.

5. சாம்பா என்ற மென்பொருளைப் போட்டால், வீட்டு வைஃபையில் இருக்கும் விண்டோஸ் கணினியும் செல்போனும் அதிலுள்ள ஃபோல்டரைத் திறக்கலாம்.

கவனம் தேவை!

பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றுங்கள். குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். மெத்தைமேல் வைக்காமல், காற்றோட்டமான பலகைமேல் வையுங்கள். ரூட்டரில் போர்ட் திறந்து வெளி இன்டர்நெட்டுக்குக் காட்டாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

சரி, இதில் எதை வைப்பது? எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து காப்பாற்றுவது என் பொறுப்பு. இதுவரை எல்லாம் ஒரே செல்போனில் இருந்தது. அது தண்ணீரில் விழுந்தால் தாலுகா ஆபீசுக்கு மறுபடி நடக்க வேண்டியது அம்மாதான். ஒரு நாள் கூலியும் போச்சு. இப்போது சர்வரில் ஒரு பிரதி, பென் டிரைவில் இன்னொரு பிரதி. பழைய டிஸ்க் என்றைக்கும் கைவிடலாம். ஆகவே ஒரே இடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் லினக்ஸ் கிடைக்கிறது. வீட்டு சர்வரில் இரவெல்லாம் பழகலாம். கெட்டுப்போனால் மறுபடி நிறுவலாம், யாரும் திட்ட மாட்டார்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் செய்யலாம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் ஒருமுறை பரணைப் பாருங்கள் நண்பர்களே!