தாத்தாவுக்குத் தாகம் இல்லையாம்! வயது ஏற ஏற நாக்கு மாறுவது ஏன்?

மாலை நேரம். ஒரு வீடு.

தொட்டிலில் கிடக்கும் குழந்தை பாலுக்கு அழுகிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த பையன், "கலர் சோடா வாங்கிக் கொடு" என்று அடம் பிடிக்கிறான். வேலையில் இருந்து திரும்பிய அப்பாவுக்குக் காப்பி வேண்டும். அம்மாவுக்கு டீ.

திண்ணையில் தாத்தா உட்கார்ந்து இருக்கிறார்.

"மாமா, உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்று மருமகள் கேட்கிறாள்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மா. தாகமே இல்லை" என்கிறார் தாத்தா.

ஒரே வீடு. ஒரே வெயில். ஆனால் 5 பேரும் 5 விதம்!

இவர்களில் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? அழுகிற குழந்தையைப் பற்றியா? அடம் பிடிக்கும் பையனைப் பற்றியா?

இல்லை. "தாகமே இல்லை" என்கிறாரே தாத்தா, அவரைப் பற்றித்தான்!

ஏன் என்று தெரிந்து கொள்ள வேண்டுமானால், தொட்டிலில் இருந்து தொடங்க வேண்டும்.

உடம்பில் பாதி தண்ணீர்

மனித உடம்பில் பெரும் பங்கு தண்ணீர்தான்.

பிறந்த குழந்தையின் எடையில், 100-க்கு ஏறக்குறைய 75 பங்கு தண்ணீர். வளர்ந்த ஆணின் உடம்பில் 100-க்கு 60 பங்கு. பெண்ணின் உடம்பில் அதைவிடச் சற்றுக் குறைவு. முதுமையில் இது 100-க்கு 50 என்ற அளவுக்கு இறங்கி விடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? தசையில் தண்ணீர் அதிகம். கொழுப்பில் குறைவு. வயதானால் தசை கரைகிறது. அதோடு தண்ணீரும் குறைகிறது.

குடம் சிறியதாகிவிட்டால் சேமிப்பும் குறைவுதானே! முதுமையில் உடம்பின் நிலை அதுதான்.

முதல் 6 மாதம்

குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

"கோடை வெயில் கொளுத்துகிறதே, குழந்தைக்கு ஒரு சங்கு தண்ணீராவது கொடுக்க வேண்டாமா?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள்.

வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான். குழந்தைக்கு வேண்டிய தண்ணீர் அதிலேயே இருக்கிறது. தனியாகத் தண்ணீர் கொடுத்தால், சின்ன வயிறு அதிலேயே நிரம்பி விடும். பால் குடிப்பது குறையும். தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

நாக்கில் தேன் தடவுகிற வழக்கமும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, 1 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தை உண்டாக்கலாம்.

6 மாதம் முடிந்ததும், கூழ், மசித்த சோறு போன்ற ஆகாரத்துடன் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

குழந்தைக்கு இனிப்பு பிடிக்கும் என்பதை யாரும் கற்றுக் கொடுப்பது இல்லை. அது பிறவியிலேயே வருகிறது. கசப்பு நாக்கில் பட்டால் முகத்தைச் சுளிக்கும். பால் இனிக்கும். பழம் இனிக்கும். காட்டில் விளையும் விஷப் பொருள்களில் பல கசக்கும். கசப்பைத் துப்பு என்று இயற்கையே காவல் வைத்திருக்கிறது!

பையனும் கலர் சோடாவும்

பெரியவர்களுக்குத் திகட்டுகிற இனிப்பு, சிறுவர்களுக்குத் திகட்டுவது இல்லை. வளரும் உடம்புக்குச் சக்தி வேண்டும். அதனால் நாக்கு இனிப்பைத் தேடுகிறது. பையன் வளர்ந்து ஆளானதும், அந்த வேகம் தானாகக் குறைகிறது.

அதற்காக, கேட்டபோதெல்லாம் வாங்கிக் கொடுக்கலாமா?

300 மில்லி கோலா பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது 6 அல்லது 7 தேக்கரண்டி! பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக் கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே பாட்டிலில் அந்தக் கணக்கு தாண்டி விடுகிறது.

பல் சொத்தை, உடல் பருமன், பிற்காலத்தில் சர்க்கரை வியாதி. இவற்றுக்கு இது வழி திறந்து விடும்.

தாகத்துக்குத் தண்ணீர். ருசிக்கு நீர்மோர், இளநீர். சர்க்கரை குறைத்த எலுமிச்சைச் சாறு. சிறு வயதில் பழகிய நாக்கு, பெரிய வயதிலும் அதையே கேட்கும்.

கசப்பு இனித்தது எப்படி?

முதன் முதலில் சர்க்கரை இல்லாத காப்பியைக் குடிக்கும் பையன் துப்பி விடுவான். அதே பையன் 25 வயதில், காலையில் காப்பி இல்லாவிட்டால் தலை வலிக்கிறது என்பான்!

இது நாக்கு செய்த மாயம் அல்ல. மூளை செய்த மாயம்.

காப்பியிலும் டீயிலும் "காபீன்" என்ற பொருள் இருக்கிறது. அது தூக்கத்தை விரட்டுகிறது, சுறுசுறுப்பைத் தருகிறது. "இந்தக் கசப்புக்குப் பின்னால் ஒரு சுகம் வருகிறது" என்று மூளை கற்றுக் கொள்கிறது. பிறகு கசப்பே பிடித்துப் போகிறது. காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வந்தாலே மனம் விழித்துக் கொள்கிறது.

ஒரு ஊரின் நாக்கே இப்படி மாறியது உண்டு. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் காலை ஆகாரம் என்றால் நீராகாரமும் பழைய சோறும்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி வீடு வீடாக நுழைந்தது. முதலில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் டம்ளரை நீட்டினார்கள்!

ஆனால் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். குடித்த காபீனில் பாதி உடம்பை விட்டுப் போக, சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால், இரவு 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். வயது ஏற ஏறத் தூக்கம் இலேசாகி விடுகிறது. அப்போது மாலைக் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகளின் உடம்பில் இருந்து காபீன் வெளியேற இன்னும் அதிக நேரம் ஆகும். அவர்கள் அளவைக் குறைத்துக் கொள்வது நல்லது.

சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பதும் கூடாது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க விடாமல் டீ தடுக்கும். இரத்த சோகை உள்ள பெண்கள், சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்து டீ குடிக்கலாம்.

பால் ஒத்துக் கொள்ளவில்லையே!

"சின்ன வயதில் சொம்பு சொம்பாகப் பால் குடித்தேன். இப்போது அரை டம்ளர் குடித்தாலே வயிறு உப்புகிறது" என்று பலர் சொல்லுவது உண்டு.

இது வியாதி அல்ல. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கக் குழந்தையின் குடலில் ஒரு சத்து சுரக்கிறது. பால்குடி மறந்த பிறகு, உலகில் பெரும்பாலான மக்களுக்கு அது குறைந்து விடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, வாயுவை உண்டாக்குகிறது.

அப்படிப்பட்டவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக் கொள்ளும். பால் தயிராகும்போது, அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நல்ல கிருமிகளே தின்று விடுகின்றன. வயிற்றின் வேலையைச் சட்டியே பாதி முடித்துக் கொடுக்கிறது!

மதுவும் வயதும்

வாலிப வயதில் சிலர் மதுவைத் தொடுகிறார்கள். முதல் வாய் யாருக்கும் ருசிப்பது இல்லை. தொண்டை எரியும். கண்ணில் நீர் வரும். ஆனாலும் நண்பர்கள் கேலி செய்வார்களே என்று குடிக்கிறார்கள். காப்பியைப் போலவே இதிலும் மூளை பழகி விடுகிறது. ஆனால் காப்பி குடும்பத்தைக் கெடுப்பது இல்லை. மது கெடுக்கிறது.

சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை ராஜாஜி கொண்டு வந்தார். பிறகு அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டது. சட்டம் வந்தது, போனது. ஆனால் உடம்பின் சட்டம் மாறவே இல்லை.

"40 வயதில் இவ்வளவு குடித்தும் ஆடாமல் நடந்தேன். 65 வயதில் அதில் பாதியே தள்ளாட வைக்கிறது" என்பார் ஒருவர். ஏன் தெரியுமா?

மது உடம்பில் உள்ள தண்ணீரில்தான் கலக்கிறது. முதுமையில் தண்ணீர் குறைவு. ஆகவே, அதே அளவு மது இரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது. தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை ஆகியவற்றோடு மது சேர்ந்தால் ஆபத்து. தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பிறகு எழுந்து நடப்பதே கஷ்டம்.

"அளவாகக் குடித்தால் மருந்து" என்ற பேச்சும் எடுபடாது. உடல் நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லி விட்டது.

ஒரு எச்சரிக்கை! பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர், வீட்டாருக்கும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். டாக்டரின் துணையோடு நிறுத்த வேண்டும்.

தாத்தாவின் தாகம் எங்கே போனது?

இப்போது திண்ணைக்குத் திரும்பலாம்.

தாத்தா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தாகம் தெரியவில்லை!

1984-ல் இங்கிலாந்து டாக்டர்கள் செய்த ஒரு சோதனை வெளியாயிற்று. 7 வாலிபர்கள்; 67 வயதுக்கு மேற்பட்ட 7 பெரியவர்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள். 24 மணி நேரம் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பிறகு, வேண்டிய அளவு குடிக்கலாம் என்று தண்ணீர் வைத்தார்கள்.

வாலிபர்கள் தாகத்தால் தவித்துக் குடித்தார்கள். பெரியவர்களோ, "அவ்வளவு தாகம் இல்லை" என்றார்கள். குறைவாகவே குடித்தார்கள். ஆனால் அவர்களுடைய உடம்பு தண்ணீருக்கு ஏங்கிக் கொண்டு இருந்தது!

ஆபத்து வந்தால் மணி அடிக்க வேண்டும். முதுமையில் அந்த மணியின் ஓசை குறைந்து விடுகிறது.

இதோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கும் திறமை குறைகிறது. சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் பிரிக்கின்றன. "இரவில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே" என்று பயந்து, பெரியவர்களே தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார்கள். மூக்கின் மோப்பம் மங்குவதால், எதைக் குடித்தாலும் ருசி தெரிவது இல்லை.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை 2003-ல் உலகம் கண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் கடும் வெயில் அடித்தது. வழக்கத்தைவிட ஏறக்குறைய 15 ஆயிரம் பேர் அதிகமாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வீட்டில் இருந்தவர்கள் பலர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "குடியுங்கள்" என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

வாய் உலர்ந்து போகிறதா? சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா? திடீரென்று சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாரா? இவை தண்ணீர் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். "வயதாகி விட்டது, அப்படித்தான்" என்று விட்டு விடக் கூடாது. பேச்சில் குழப்பம் கண்டால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களிடம் "தாகமா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர். மாத்திரையோடு ஒரு டம்ளர். சாப்பாட்டோடு ஒரு டம்ளர். இரவில் எழுந்திருக்கப் பயந்தால், பகலிலேயே அதிகம் குடித்து, படுக்கும் முன் குறைத்துக் கொள்ளலாம்.

வெறும் தண்ணீர் பிடிக்காவிட்டால் நீர்மோர், கஞ்சி, ரசம், வெந்நீர் என்று மாற்றிக் கொடுக்கலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு குறைவாகப் போட வேண்டும். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

திண்ணையில் தாத்தா இன்னும் உட்கார்ந்து இருக்கிறார். மருமகள் ஒரு டம்ளர் மோரைக் கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைக்கிறாள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர்.

"நான்தான் வேண்டாம் என்றேனே, அம்மா?"

"எனக்காகக் குடியுங்கள், மாமா."

தாத்தா டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு முழுவதையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.