அலுமினிய டிஸ்க்கா, ஸ்டீல் டிஸ்க்கா?

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன லீவில் அப்பா கேட்டார்: “பின் சக்கரத்துக்கு அலுமினிய டிஸ்க் போடலாமான்னு ஓனர் கேக்குறார். நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, சொல்லு!”

புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்டீலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7 தான். ஆனால் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் தடிமனைக் கூட்டிச் செய்கிறார்கள். அப்படியும் எடை குறையும். அந்த அளவுக்குச் சரக்கு கூட ஏற்றலாம். செந்துரு பிடிக்காது. ஆனால் விலை அதிகம். பள்ளத்தில் இடித்தால் ஸ்டீல் பெரும்பாலும் வளையும். அலுமினியம் விரிசல் விடலாம்.

ஆபத்து அந்தத் தடிமனில்தான் இருக்கிறது. ஜோடிச் சக்கரத்தில் உள் டிஸ்க், வெளி டிஸ்க் இரண்டையும் ஒரே வரிசை போல்ட்தான் பிடிக்கிறது. ஸ்டீலுக்கான பழைய போல்ட்டில் தடித்த அலுமினியத்தை மாட்டினால் நட்டுக்கு மரை போதாது. ஓட ஓட லூஸாகி, சக்கரமே கழன்றுவிடும்.

அப்பாவிடம் சொன்னேன்: “மாத்தினா போல்ட், நட்டையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்கப்பா. இல்லேன்னா ஸ்டீலே இருக்கட்டும். எதை மாட்டினாலும் கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி பாருங்க.”

ஓனர் கணக்குப் போட்டு, ஸ்டீலே போதும் என்றுவிட்டார். அப்பா இப்போது நட்டைப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. நான் படித்ததில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் பாடம் அதுதான்!