காட்டுப்பன்றி வயலில் இறங்கினால் சுடலாமா? சட்டம் என்ன சொல்கிறது, விவசாயி என்ன செய்யலாம்?

“தம்பி, நேத்து ராத்திரி பன்னி இறங்கிடுச்சுப்பா. கதிர் பால் பிடிக்கிற நேரம். பாதி கொல்லைய படுக்கப் போட்டுட்டுப் போயிடுச்சு.”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வருவது இப்போது புதிதல்ல. கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், வேப்பூர் வட்டாரங்களில் மக்காச்சோளம், மணிலா, கரும்பு போடும் குடும்பங்களுக்கு இது பருவத்துக்குப் பருவம் வரும் கவலை. போனில் அடுத்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: “சுடறதுக்கு கவர்மெண்ட்டு ஆர்டர் போட்டுட்டாங்களாமே, நாம சுட்டா தப்பா?”

ஆர்டர் வந்தது உண்மை. ஆனால் யார் சுடலாம், எங்கே சுடலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தெரியாமல் இறங்கினால் பயிரும் போய், வழக்கும் வந்து சேரும்.

வராகர் ஊரில் பன்றிப் பிரச்சினை

விருத்தாசலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். இங்கே பூவராக சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். பூமியை மீட்க திருமால் பன்றி உருவம் எடுத்த அவதாரம். தானாகத் தோன்றியவையாகக் கருதப்படும் 8 வைணவத் தலங்களில் இதுவும் ஒன்று. பன்றிக்குப் பிடித்தது கோரைக் கிழங்கு என்பதால், இந்தக் கோயிலில் கோரைக் கிழங்கு மாவில் செய்த பிரசாதம் பிரசித்தம்.

பன்றி மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் என்பதை இந்த ஊர் எப்போதோ கவனித்து வைத்திருக்கிறது. அதே பழக்கம்தான் இன்று கொல்லையில் நஷ்டமாக நிற்கிறது. காட்டுப்பன்றி மணிலாவைக் கிளறி எடுக்கும். மக்காச்சோளத் தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடிக்கும். தின்பதைவிட மிதித்து வீணாக்குவதுதான் அதிகம். கூட்டமாக, இரவில் வரும். ஒரு ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம், சினைக்காலம் சுமார் 4 மாதம்தான். புலியோ சிறுத்தையோ இல்லாத சமவெளியில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இயற்கையில் எதுவும் இல்லை. பகலில் பதுங்க ஏரி உள்வாயில் வளர்ந்த சீமைக் கருவேலம், முந்திரித் தோப்பு, தைலமரத் தோப்பு என்று இடத்துக்கும் குறைவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. முன்பு 3ஆம் அட்டவணையில் இருந்தது. 2022ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பிறகு 2ஆம் அட்டவணைக்கு மாறியது.

‘வேட்டை’ என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பப் பெரியது. சுருக்குக் கம்பி கட்டுவது, குழி வெட்டிப் பிடிப்பது, விஷம் வைப்பது, அவுட்டுக்காய் வைப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம், பன்றி சாக வேண்டும் என்றில்லை. 2ஆம் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

“செத்துக் கிடந்த பன்னிய எடுத்தா என்ன?” என்ற கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. இறந்த வன விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. கறி போட்டுப் பங்கு வைத்தால் வாங்கியவர் மீதும் வழக்கு வரும்.

அப்படியானால் சுடவே முடியாதா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, 11ஆவது பிரிவு. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட 2ஆம் அட்டவணை விலங்கை வேட்டையாட, மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ எழுத்துப்பூர்வமாக அனுமதி தரலாம். காரணத்தையும் எழுத வேண்டும்.

இரண்டாவது வழி, 62ஆவது பிரிவு. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கை ‘தீங்கு விளைவிப்பது’ என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அந்தக் காலத்தில் அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2015-16ல் பீகாரில் நீலான், காட்டுப்பன்றிக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும், இமாச்சலில் குரங்குக்கும் இப்படி அறிவிப்பு வந்தது. கேரளமும் பலமுறை கேட்டது, மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் 2022ல் கேரள அரசு முதல் வழியைப் பிடித்துக்கொண்டது. உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துச் சுட ஏற்பாடு செய்தது.

தமிழகத்தின் 1 கி.மீ., 3 கி.மீ. கணக்கு

தமிழக அரசின் முடிவை 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் க.பொன்முடி சட்டப்பேரவையில் அறிவித்தார். அதன்படி நிலம் மூன்றாகப் பிரிகிறது.

• காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை: சுட அனுமதி இல்லை.

• 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும்.

• 3 கிலோமீட்டருக்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

கடைசி வரியை இன்னொரு முறை படித்துக்கொள்வது நல்லது. சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வைத்திருந்தாலும் அது பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. வனத்துறை, வருவாய்த் துறை, ஊராட்சி ஆகிய மூன்று தரப்பும் இருக்கும் கிராம அளவிலான குழு பிரச்சினையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டம்.

காட்டை ஒட்டிய இடத்தில் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? புலிக்கும் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றி முக்கியமான இரை. அங்கே இரை குறைந்தால் அவை ஆட்டையும் மாட்டையும் தேடி ஊருக்குள் வரும். ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் பெரிய தொல்லையை அழைத்துவந்த கதையாகிவிடும்.

‘காப்புக்காடு’ எது என்பதில்தான் குழப்பம்

தூரத்தை எங்கிருந்து அளப்பது? மரம் அடர்ந்து நிற்பதால் ஒரு இடம் காப்புக்காடு ஆகிவிடாது. அரசு சட்டப்படி அறிவித்து எல்லை குறித்த நிலம்தான் காப்புக்காடு. கொல்லைக்குப் பக்கத்தில் தைலமரத் தோப்பு இருக்கலாம், அது பட்டா நிலமாக இருக்கலாம். மொட்டையாகத் தெரியும் ஒரு மேடு காப்புக்காடாக இருக்கலாம். செல்போன் மேப்பைப் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் கேட்பதுதான் வழி. ஸ்ரீமுஷ்ணம் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பதில் மாறலாம்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மியூல் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே வேட்டைக்காரர் முதலில் பார்ப்பது துப்பாக்கியை அல்ல, குளிர்காலக் கணக்கை. 2022-23 குளிர்காலத்தில் வயோமிங், கொலராடோ மாநிலங்களின் சில பகுதிகளில் பனி கடுமையாகக் கொட்டியது. மேய்ச்சல் பனிக்கடியில் போய், உடம்பில் சேர்த்த கொழுப்பும் தீர்ந்து, மான்கள் கூட்டம் கூட்டமாக இறந்தன. குட்டிகள்தான் அதிகம். வன உயிரின அதிகாரிகள் காலர் கருவி பொருத்திய மான்களை வைத்து எத்தனை பிழைத்தன என்று கணக்கிட்டு, அந்த ஆண்டு வேட்டை உரிமங்களைக் குறைத்தார்கள். சில இடங்களில் நாட்களையும் சுருக்கினார்கள். அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் பலர் அந்தப் பகுதிக்கு விண்ணப்பிப்பதையே தள்ளிப்போடுவார்கள்.

இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972 சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் ஒன்று பொருந்தும்: எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை சுடுவது என்று தீர்மானிக்க முடியாது. பன்றி எந்த இரவில், எத்தனை, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாராவது எழுதி வைத்தால்தான் குழுவுக்கே முடிவெடுக்க ஆதாரம் கிடைக்கும். அந்தக் கணக்கை வைக்கச் சரியான ஆள் கொல்லைக்காரர்தான்.

உயிர் வாங்கும் குறுக்குவழி

அனுமதிக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி, மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாகக் கரண்ட் எடுத்து வேலியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவர், ஆடு தேடிப் போனவர், சில நேரம் வேலி போட்டவரே விழுகிறார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பகுதியில் இப்படி ஒரு வேலியில் 3 யானைகள் இறந்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது.

சோலார் மின்வேலி வேறு. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. பேட்டரியிலிருந்து கருவி வழியாக நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டும் துடிப்பாக வரும். தொட்டால் ‘சுரீர்’ என்று அடிக்கும், உயிரை எடுக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு உட்பட்ட கருவியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். வேளாண் பொறியியல் துறை மூலம் இதற்கு மானியத் திட்டம் உண்டு. நடப்பு ஆண்டின் விவரத்தை வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

செலவு குறைந்த வழிகளும் உண்டு. பழைய புடவைகளை வேலியாகக் கட்டுவது, மணிலாவைச் சுற்றி சில வரிசை குசும்பா போடுவது, நெடி அடிக்கும் விரட்டிகளைத் தொங்கவிடுவது, பரண் போட்டுக் காவல் இருப்பது எல்லாம் பழக்கத்தில் உள்ளவை. ஒன்றை மட்டும் நம்பினால் பன்றி சில நாளில் பழகிவிடும், மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கதிர் பால் பிடிக்கும் நேரமும், மணிலாவில் காய் பிடிக்கும் நேரமும் காவல் தவறவே கூடாத வாரங்கள். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால் ஒரே ஆள் தினமும் கண்விழிக்க வேண்டியதில்லை.

நஷ்டத்துக்குப் பணம் கிடைக்குமா?

வனத்துறையில் பயிர்ச் சேத இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். அதோடு, பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்கு சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவத்திலிருந்து இது தொடங்கும் என்பது அறிவிப்பு. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்ற பட்டியலை மாநில அரசு வெளியிட வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடக்குறியோடு எடுத்த போட்டோக்களைப் பதிவேற்ற வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் உதவக்கூடிய இடம் இதுதான். போன் வந்த காலையிலேயே செய்ய வேண்டியவை:

• செல்போனில் லொகேஷனை ஆன் செய்து, சாய்ந்த பயிர், குளம்புத் தடம், கொல்லையின் முழு அளவு தெரியும்படி போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பயிரை அகற்ற வேண்டாம்.

• பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை போனில் தயாராக வைத்திருங்கள்.

• கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

• காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை அந்த மனுவிலேயே கேளுங்கள்.

• தேதி, நேரம், எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. “கம்பில கரண்ட்ட விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்” என்று அப்பா சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் போட்டுக்கொள்ளலாம். ராத்திரி அந்த வரப்பில் நடந்து போகிறவர் யாரென்று கம்பிக்குத் தெரியாது.