கப்பல் மூழ்கியது, குருணை மிதக்கிறது

2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன கப்பல் அது. நைட்ரிக் அமிலம் கசியும் கொள்கலனை இறக்கிக்கொள்ளும்படி வழியில் இரண்டு துறைமுகங்களைக் கேட்டும் பலனில்லை. நாள்கணக்கில் எரிந்து ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள் இருந்தன. அமிலமும் எரிபொருளும்தான் அச்சமூட்டின. நீர்கொழும்புக் கரையில் வந்து குவிந்ததோ வெண்ணிறக் குருணை.

வாளி, குழாய், பால் பாக்கெட் என எந்த பிளாஸ்டிக் பொருளுக்கும் மூலப்பொருள் இந்தக் குருணைதான். பச்சைப்பயறு அளவு இருக்கும். ஆலையில் உருக்கி அச்சில் வார்ப்பதற்காக 25 கிலோ மூட்டைகளில் உலகெங்கும் கப்பலேறுகிறது. அன்று சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும் 8,000 கோடி மணிகளுக்கு மேல் வரும். பதிவானவற்றில் இதுவே உலகின் மிகப் பெரிய குருணைச் சிதறல்.

பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் கடல்நீரைவிட எடை குறைந்தவை. அதனால் குருணை மிதக்கும், நீரோட்டத்தோடு போகும், அலை ஒதுக்கிய இடத்தில் மணலுக்குள் புதையும், அடுத்த பருவமழைக் கடலில் மறுபடி வெளிவரும். மீன்முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கும். இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாது. டிடிடி, பிசிபி போன்ற நச்சுகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. எண்ணெய்த் தன்மையுள்ள பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்பவை. சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப் போல லட்சக்கணக்கான மடங்கு செறிவில் பிசிபி குருணையில் சேர்வதை ஜப்பானிய ஆய்வாளர் ஹிடேஷிகே தகாடாவின் குழு 2001-இல் காட்டியது. பிறகு அவர் பல நாட்டுக் கடற்கரைகளிலிருந்து குருணையை அஞ்சலில் வரவழைத்து, அந்தந்தக் கடலின் மாசை அளக்கும் திட்டத்தையே தொடங்கினார்.

கொழும்பில் எரிந்ததால் சிக்கல் இரட்டித்தது. ஒரு பகுதி உருகிக் கருகிக் கட்டிகளாயிற்று. அவை எளிதில் நொறுங்கும். வெள்ளை மணிகளைவிட அதிக வேதிப்பொருள்களும் அவற்றில் உண்டு. மீன்பிடிக்கத் தடை வந்தது. கரையோரக் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. கூலிக்கும் தொண்டாகவும் வந்தவர்கள் மணலைச் சல்லடையில் மாதக்கணக்கில் சலித்தார்கள். அந்த உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் எட்டாயிரம் கோடி மணிகளைச் சலித்தெடுக்க மனிதரால் ஆகாது. ஆழமாக வாரினால் அடம்பங்கொடியும் நண்டு வளையும் சேர்ந்தே அழியும்.

எனவே தீர்வைத் தேட வேண்டிய இடம் கடற்கரை அல்ல. மூட்டை கட்டும் இடமும் கப்பலேற்றும் இடமும்தான். அதே கப்பலில் இருந்த நைட்ரிக் அமிலம் சட்டப்படி ‘அபாயகரச் சரக்கு’. எங்கே அடுக்குவது, எப்படி அறிவிப்பது என எல்லாவற்றுக்கும் கட்டாய விதிகள் உண்டு. அமிலம் கடலில் கரைந்து வீரியம் இழந்துவிடும். தலைமுறைகளுக்கும் கரையாத குருணை அந்தப் பட்டியலில் இல்லை! இதை மாற்றும்படி சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இலங்கை முறையிட்டது. 2024-இல் அந்த அமைப்பு பரிந்துரைகள் வெளியிட்டது: பொதி உறுதியாக இருக்க வேண்டும், உள்ளே குருணை இருப்பதை அனுப்புபவர் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், இயன்றவரை மேல்தளத்துக்குக் கீழே அடுக்க வேண்டும். மூன்றும் நல்லவை. மூன்றும் கட்டாயமில்லை.

ஓராண்டு கழிந்தது. 2025 மே 25 அன்று 640 கொள்கலன்களுடன் ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் அதே வெண்குருணை ஒதுங்கியது. நம் மீனவக் கிராமங்களிலும் மணலை அள்ளிச் சலிக்க வேண்டியதாயிற்று.

இழப்பீடு வேறு கதை. எக்ஸ்-பிரஸ் பேர்ல் தரப்பு 100 கோடி டாலர் தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீப்பிடித்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. கொள்கலனைத் தளத்துக்குக் கீழே வைப்பதற்கும், கிழியாத பையில் கட்டுவதற்கும், ஆலையில் சிந்தும் குருணை சாக்கடைக்குப் போகாமல் வடிகால் வாயில் நுண்வலை பொருத்துவதற்கும் அந்தத் தொகையில் ஒரு துளிகூட ஆகாது. இவற்றில் முதல் இரண்டையும் கட்டாயமாக்க, பிளாஸ்டிக் குருணையை ஏற்றுமதியும் இறக்குமதியும் செய்கிற இந்தியா சர்வதேசக் கடல்சார் அமைப்பில் இலங்கையோடு சேர்ந்து குரல்கொடுக்க வேண்டும்.