ஆராய்ச்சிக்குப் படியளப்போர்

பத்திரிகையில் ஒரு புதிய மருந்தின் பெயர் அடிபடுகிறது. நாம் மகிழ்ச்சியடைகிறோம். கண்டுபிடித்த பெரியவரின் படத்தைப் பார்க்கிறோம். அவர் பெற்ற பட்டங்களை எண்ணுகிறோம். ஆனால் அந்த மருந்துக்காக ஐந்து வருஷ காலம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, எலிகளுக்கு இரை வைத்து, இரவெல்லாம் விழித்துக் கணக்கெழுதிய இளைஞர் யார்? அந்த ஐந்து வருஷமும் அவர் எப்படிச் சாப்பிட்டார்? இதை யாரும் கேட்பதில்லை.

ஆராய்ச்சி என்பது ஞானத்தால் மட்டும் நடப்பதன்று. அது சோற்றாலும் நடக்கிறது. நோய்களையும் உடலையும் ஆராயும் இளைஞர்களுக்குச் சர்க்கார் அளிக்கும் உபகாரச் சம்பளத்தைப் பற்றி நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம். விஷயம் வறண்டதாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுக் குழந்தைக்கு நாளை ஜுரம் வந்தால், வைத்தியர் கையில் இருக்கும் மருந்துக்கும் இந்தச் சம்பளத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

மண்ணெண்ணெய் விளக்கு

நமது தேசத்தில் இக்கதை 1911-ம் வருஷத்தில் ஆரம்பமாகிறது. அவ்வருஷம் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. பம்பாயில் பிளேக் நோயை ஆராய்ந்து வந்த கூடத்தில் அதன் முதற் கூட்டம் நடந்தது. அன்றைய சர்க்கார் அந்நிய சர்க்கார். எனினும் பிளேக்கும், மலேரியாவும், காலராவும் ஆண்டான் அடிமை என்று பார்ப்பதில்லையல்லவா?

அக்காலத்தில் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் காலா அஸார் என்ற கருங்காய்ச்சல் கிராமங்களைக் காலி செய்து வந்தது. சிகிச்சையில்லாவிட்டால் பெரும்பாலும் மரணந்தான். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மசாரி என்ற வைத்தியர், காம்ப்பெல் ஆஸ்பத்திரியில் ஒரு சிறு அறையில் அதற்கு மருந்து தேடினார். அறையில் தண்ணீர்க் குழாய் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. இரவில் துணை ஒரு பழைய மண்ணெண்ணெய் விளக்கு. ஆராய்ச்சி நிதிச் சங்கம் அவருக்குப் பண உதவி செய்தது. யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை அவர் தயாரித்து, அதன் பலனை 1922-ல் வெளியிட்டார். லட்சக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

சீமையில் இந்நோய் இல்லை. எனவே சீமையிலிருந்து மருந்து வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. நம் மண்ணின் நோய்க்கு நம் மண்ணில்தான் ஆராய்ச்சி நடக்க வேண்டும். சுதந்திரம் வந்த பின், 1949-ல், அதே சங்கம் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் என்று பெயர் மாறியது. இன்றும் அப்பெயரே.

வீடே ஆஸ்பத்திரி

நம் சென்னை நகரிலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. க்ஷய ரோகி என்றால் மலைமேலோ ஊருக்கு வெளியிலோ இருக்கும் சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டும், நல்ல காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் தரவேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. இந்தியாவின் க்ஷய ரோகிகள் அத்தனை பேருக்கும் சானடோரியத்தில் கட்டில் போடுவதென்றால், குபேரனைத்தான் அழைக்க வேண்டும்.

1956-ல் நமது கவுன்ஸிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சேர்ந்து சென்னையில் ஒரு நிலையத்தைத் தொடங்கின. 193 ரோகிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குச் சென்றது. மற்றொரு பிரிவு தன் குடிசையிலேயே, நெருக்கடியிலேயே, குறைந்த உணவிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரு வருஷம் ஒரே மாத்திரைகள். 1959-ல் முடிவு பிரசுரமாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் அதிகமாகத் தொற்றவுமில்லை. உலகமெங்கும் க்ஷய சிகிச்சையின் போக்கையே இது மாற்றியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சோதனைக்குக் கட்டடத்தைவிட ஆட்கள் முக்கியம். வீடு வீடாகச் சென்று மாத்திரை விழுங்கப்பட்டதா என்று பார்க்கவும், சளியை வளர்த்துக் கிருமியைக் காணவும், கணக்கைப் பிசகாமல் போடவும் பழகியவர்கள் வேண்டும். அத்தகையோர் மரத்தில் காய்ப்பதில்லை. பழக்கித்தான் உண்டாக்க வேண்டும். பழகும் காலத்தில் அவர்களுக்குச் சோறு போடவும் வேண்டும்.

உப்பும் சர்க்கரையும்

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை ஒரு வைத்திய ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தை நடத்தி வந்தது. அதற்குப் பணம் தந்தது அமெரிக்க சர்க்கார். அந்நிலையத்தில் வேலை பார்த்தவர் திலீப் மஹலனாபிஸ் என்ற இளம் வைத்தியர். 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளம் போல் வந்து, எல்லையோர ஊராகிய பன்காவில் காலராவால் மடிந்தார்கள். ரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. மஹலனாபிஸ், சமையல் உப்பும் சோடா உப்பும் குளுகோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, நீரில் கரைத்து, ரோகிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அளிக்கப்பட்டது.

ஆராய்ச்சி நிலையத்தில் வருஷக் கணக்காகப் பழகிய ஒருவர் அங்கே நின்றதனால்தான் அந்தத் துணிவு வந்தது. அவரைப் போன்றோரைப் பழக்கும் செலவை அந்நிய சர்க்கார் ஏற்றது. அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் அச்செலவு நம்முடையதாக இருக்க வேண்டுமென்று விரும்புவதும் நம் கடமையே.

ஏணியின் படிகள்

இன்று நமது சர்க்கார் வைத்திருக்கும் ஏணியை நேயர்கள் அறிவது நல்லது.

முதற் படி வைத்தியக் கல்லூரி மாணவருக்கானது. 1979 முதல் ஆராய்ச்சிக் கவுன்ஸில் குறுகிய கால மாணவர் உதவி என்ற திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. மாணவர் ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் சிறு ஆராய்ச்சி செய்து அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை அங்கீகாரம் பெற்ற பிறகுதான் பணம், அதுவரை கைக்காசு. தொகை பெரிதல்ல. ஆனால் புத்தகத்தை உருப்போட்டே வளர்ந்த பிள்ளைக்கு, புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று உலகில் உண்டென்று முதன் முதலாகத் தெரிகிறதே, அது பெரிது.

அடுத்த படி ஜூனியர் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம். தேசம் முழுவதற்கும் பொதுவான பரீட்சையில் தேறினால் கிடைப்பது. இரண்டு வருஷம் கழிந்து, வேலை திருப்தியாக இருந்தால், ஸீனியர் படி. டாக்டர் பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சி உதவியாளர் என்ற படி. கடல் கடந்து சென்ற விஞ்ஞானிகள் திரும்பி வந்து வேலை செய்ய, ஜீவ தொழில்நுட்ப இலாகா ராமலிங்கஸ்வாமி பெயரால் ஓர் உதவி வைத்திருக்கிறது. 2008-ல் அதே இலாகாவும் லண்டன் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து மற்றொரு கூட்டு முயற்சியைத் தொடங்கின. ஏணி இருக்கிறது. படிகளுக்கிடையே உள்ள தூரந்தான் கவலை தருகிறது.

பந்தியில் இரண்டு இலை

2014 அக்டோபரில் ஜூனியர் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் ஆயிற்று. அதன்பின் நாலு வருஷத்துக்கு மேல் அசையவில்லை. விலைவாசி சும்மாயிருந்ததா? 2018-ன் கடைசியிலும் 2019-ன் தொடக்கத்திலும் ஆராய்ச்சி மாணவர்கள் நுண்ணோக்கியை வைத்துவிட்டு, டில்லியில் தெருவில் நின்று கோஷமிட்டார்கள். ஜனவரி முடிவதற்குள் 31,000 ரூபாய் என்று உத்தரவாயிற்று. மறுபடியும் நாலு வருஷ மௌனம். 2023 ஜூன் மாதத்தில், அவ்வருஷ ஜனவரியிலிருந்து 37,000 என்றும் ஸீனியருக்கு 42,000 என்றும் உயர்த்தினார்கள். வீட்டு வாடகைப் படி வேறு.

இதற்கிடையில், 2018-ல் பிரதம மந்திரி பெயரால் தொடங்கிய உபகாரச் சம்பளம் 70,000 ரூபாயில் ஆரம்பித்தது. கெட்டிக்காரர்களுக்கு அதிகம் தருவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரே மேஜையில், ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குத் தலைவாழை இலையும் மற்றவருக்குத் தையல் இலையும் போட்டால், பந்தியில் உட்கார்ந்தவர் மனம் என்ன பாடுபடும்?

தொகையைவிடக் கொடியது தாமதம். பணம் மாதக் கணக்கில் வந்து சேராமல் மாணவர் கடன் வாங்குவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. குமாஸ்தாவுக்கு முதல் தேதி சம்பளம் தவறினால் ஆபீஸே அதிரும். ஆராய்ச்சி மாணவருக்குத் தவறினால் ஒரு கடிதம் மேலே போகிறது. மற்றொரு கடிதம் கீழே வருகிறது. அவர் கிருமிகளோ காத்திருப்பதில்லை. குறித்த நாளில் உணவு மாற்றாவிட்டால் செத்துப்போகின்றன. ஆறு மாத உழைப்பும் அவற்றோடு போகிறது.

வைத்தியப் பட்டம் பெற்றவரின் நிலை இன்னும் சங்கடமானது. நோயாளியின் கட்டிலருகே எழும் கேள்வியை ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்துச் செல்லத் தகுந்தவர் அவர்தான். ஆனால் வைத்தியசாலை ஒன்றில் உட்கார்ந்தால் கிடைப்பதை விட்டுவிட்டு, உபகாரச் சம்பளத்துக்கு வருவதென்றால் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டுமே!

அமெரிக்கர் கற்ற பாடம்

அமெரிக்காவில் 1937-ம் வருஷப் புற்றுநோய்ச் சட்டமே இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவித்தொகை தர வழி செய்தது. வியட்நாம் யுத்த காலத்தில் வைத்தியர்கள் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகச் சிலர் தேசிய சுகாதார ஸ்தாபனத்தில் இரண்டு மூன்று வருஷம் ஆராய்ச்சிப் பயிற்சி பெறலாம் என்று ஏற்பாடிருந்தது. அப்படி உள்ளே நுழைந்தவர்களில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஹெரால்ட் வார்மஸ், ராபர்ட் லெப்கோவிட்ஸ் ஆகியோர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். பயிற்சிக்கு வந்தபோது இவர்களில் ஒருவரும் மகாமேதையென்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரவில்லை. நல்ல குருவும், கவலையற்ற இரண்டு வருஷங்களும் கிடைத்தன, அவ்வளவுதான்.

1974-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். உதவி பெற்றவர் அக்காலத்துக்கு ஈடாக ஆராய்ச்சியோ ஆசிரியப் பணியோ செய்து கடன் தீர்க்க வேண்டும். 1993-ல் அதைத் தளர்த்தி, டாக்டர் பட்டம் பெற்றவரின் முதல் வருஷத்துக் கடனை இரண்டாம் வருஷப் பயிற்சியாலேயே தீர்க்கலாம் என்றார்கள். பெற்றவருக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் அது விலங்காகிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

நாம் செய்ய வேண்டியது

2020-21 கணக்குப்படி நமது தேசம் தன் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 காசுதான் எல்லாவித ஆராய்ச்சிக்கும் செலவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பெரிய திட்டங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று சிறு காரியங்களையாவது சர்க்கார் செய்யலாம். மாதம் முதல் தேதி சம்பளம் சேரட்டும். மாணவர் தெருவுக்கு வரும்வரை காத்திராமல், விலைவாசியோடு சம்பளமும் குறித்த காலத்தில் ஏறட்டும். இளம் வைத்தியர் மாத்திரம் தனியாக நஷ்டப்படாதபடி, ஆராய்ச்சி வருஷங்கள் உத்தியோக வருஷங்களாகவே எண்ணப்படட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்பணம் ஜனங்களின் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் கிழவியும் அதில் ஒரு காசு போட்டிருக்கிறாள். சோதனையின் முடிவு விரும்பியபடி வராவிட்டால் வந்தபடியே எழுதுவதுதான் அவளுக்குச் செலுத்தும் நன்றி.

கடைசியாக நம் இல்லங்களுக்கு. பிள்ளையோ பெண்ணோ ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "எத்தனை வருஷம்? என்ன சம்பளம்? கல்யாணம் எப்போது?" என்று மூன்று கேள்விகளை நாம் அடுக்குகிறோம். கேட்க வேண்டியவைதான். அவற்றுடன், "எந்த நோயை ஆராயப் போகிறாய்?" என்று நாலாவது கேள்வி ஒன்றையும் கேட்போமாக. அக்கேள்விக்கு அந்தக் குழந்தை பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால், மற்ற மூன்றுக்கும் விடை தேடிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பென்று தோன்றிவிடும்.