அணையின் ஆழத்தில் மீன் தேடும் முறை

தென்காசி வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி ஐந்து அணைகள் வரிசையாக அமைந்துள்ளன. செங்கோட்டையை அடுத்துக் குண்டாறு, மேக்கரையில் அடவிநயினார், கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி, கடையம் அருகே ராமநதி, சிவசைலம் அருகே கடனா நதி ஆகியவையே அவை. கார், பிசானம் ஆகிய இரு போக நெல்லுக்கும் இந்த அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் விவசாயிகள் பலர். அதே தண்ணீரில் வலை வீசிப் பிழைக்கும் உள்நாட்டு மீனவக் குடும்பங்களும் உண்டு. நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்ப்பது போல, மீனுக்குத் தண்ணீர் எந்த ஆழத்தில் நன்றாக இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை. வலை வெறுமையாகத் திரும்புவதற்கும், குஞ்சு விட்ட பணம் வீணாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஒரே மலை, வேறு வேறு அணை

ஐந்து அணைகளும் ஒரே மலையின் தண்ணீரை வாங்குபவை என்றாலும் ஆழத்தில் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டவை. குண்டாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் சுமார் 36 அடி. கருப்பாநதிக்கு 72 அடி, ராமநதிக்கு 84 அடி, கடனா நதிக்கு 85 அடி, அடவிநயினாருக்கு 132 அடி. 36 அடித் தண்ணீரில் காற்று அடித்தால் மேலிருந்து அடிவரை கலங்கிவிடும். 132 அடித் தண்ணீரில் அப்படிக் கலங்குவது எளிதன்று. எனவே குண்டாற்றில் பலன் தந்த வலையை அப்படியே கொண்டுபோய் அடவிநயினாரில் கட்டினால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தண்ணீருக்குள் அடுக்குகள்

வெயில் காலத்தில் அணையில் இறங்கிக் குளித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மார்பு வரை வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், கால் பக்கம் சில்லென்று இருக்கும். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே நிற்கிறது. குளிர்ந்த தண்ணீர் எடை கூடி அடியில் தங்குகிறது. காற்று பலமாக இல்லாவிட்டால் இந்த இரண்டும் கலப்பதில்லை.

மேல் அடுக்குக்குக் காற்றிலிருந்தும், வெயிலில் வளரும் நுண்பாசியிலிருந்தும் பிராணவாயு கிடைக்கிறது. அடி அடுக்குக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டு விடுகிறது. அங்கே மூழ்கிக் கிடக்கும் இலை, தழை, மரக்கட்டை ஆகியவை அழுகும்போது இருக்கிற பிராணவாயுவும் தீர்ந்துபோகிறது. கெண்டை இன மீன்கள் நன்றாக வளர, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிகிராம் அளவுக்காவது பிராணவாயு இருப்பது நல்லது. அது மிகவும் குறைந்த அடுக்கில் மீன் நிற்காது. வலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே ஒன்றும் படாது.

நம் பாசன அணைகளில் இந்த அடுக்கு மாதக்கணக்கில் அசையாமல் நிற்பது குறைவு. மதகு அடியில் இருப்பதால் வயலுக்குத் திறக்கும் தண்ணீரோடு குளிர்ந்த அடித் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் மதகு மூடியிருக்கும் நாட்களிலும், காற்று இல்லாத மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஆழமான அணைகளில் அடுக்கு உண்டாகக்கூடும்.

எந்த மீன் எந்த ஆழத்தில்?

கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழ்வது. அதன் வாய் மேல்நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். ரோகு நடு மட்டத்தை விரும்பும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடித்தரையைக் கிளறி இரை தேடுபவை. திலேப்பியா கரையோரத்தில் கூட்டமாக இருக்கும். விராலுக்குப் புல்லும் செடியும் உள்ள ஓரம் வேண்டும். கெளுத்தி அடியில், கட்டைகளுக்கும் கற்களுக்கும் இடையில் பதுங்கும்.

இது பொதுவான கணக்கு. அடித் தண்ணீர் கெட்டுவிட்டால் மிர்காலும் தரையை விட்டு மேலேறி, நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் சந்திக்கும் மட்டத்துக்கு வந்துவிடும். உச்சி வெயிலில் கட்லாவும் மேல்பரப்பை விட்டுச் சற்று இறங்கி நிற்கும். இந்த நடு மட்டத்தைக் கண்டுபிடிப்பவருக்கே ஆழத்து மீன் கிடைக்கும்.

அமெரிக்க நாட்டு நீர்த்தேக்கங்களில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. கோடையில் அந்த மீனும் ஆழத்துக்குப் போய்விடும். அங்குள்ளவர்கள் ஒலி அலைக் கருவியைப் படகில் வைத்து, மூழ்கிய பழைய ஆற்றுத் தடத்தையும் மேடு பள்ளங்களையும் தேடித் தூண்டில் விடுகிறார்கள். கருவி விலை உயர்ந்தது. அதன் பின்னால் உள்ள கருத்து எவருக்கும் உரியது. நம் அணைகளிலும் அணை கட்டுவதற்கு முன் ஓடிய ஆற்றின் தடம் அடியில் இருக்கிறது. அந்தத் தடத்தின் கரையோரம் மீன் நடமாடும் பாதை. அணை வற்றிக் கிடக்கும் மே மாதத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தடம், பாறை, கட்டை இருக்கும் இடங்களைக் கரையிலுள்ள மரத்தையோ குன்றையோ அடையாளம் வைத்துக் குறித்துக்கொண்டால், தண்ணீர் நிறைந்த பிறகு வருடம் முழுதும் உதவும்.

ஒரு பாட்டிலும் கயிறும் போதும்

நல்ல தண்ணீர் எந்த ஆழம் வரை இருக்கிறது என்று அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கனமான கல்லையும் கண்ணாடிப் பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பாட்டிலைத் தக்கையால் மூடி, தக்கையில் தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். பரிசலிலிருந்து இதை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, மெல்லிய கயிற்றைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் பாட்டிலில் நிறையும். மேலே தூக்கியதும் கையில் ஊற்றிச் சூடு பார்க்கலாம். மூக்கருகே வைத்தால் வாடை தெரியும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த ஆழத்தில் பிராணவாயு இல்லை என்று முடிவு செய்யலாம்.

2 மீட்டருக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொண்டே போனால், தண்ணீர் திடீரென்று குளிரும் மட்டம் தெரிந்துவிடும். வலையை அந்த மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும்.

வலை கட்டும் முறை

ஆழத் தண்ணீருக்கு ஏற்றது செவுள் வலை. இதை மூன்று விதமாக நிறுத்தலாம். தக்கை அதிகமாகவும் ஈயக்குண்டு குறைவாகவும் கட்டினால் வலை மேலே மிதக்கும், இது கட்லாவுக்கு. குண்டு அதிகமாகவும் தக்கை குறைவாகவும் கட்டினால் தரையில் நிற்கும். இது மிர்கால், சாதாக் கெண்டை, கெளுத்திக்கு. நடு மட்டத்தில் நிறுத்த, மேல்பரப்பில் பெரிய மிதவைகளைப் போட்டு, வேண்டிய நீளத்துக்குத் தொங்கு கயிறு விட்டு வலையைக் கட்ட வேண்டும். தொங்கு கயிற்றின் நீளத்தை மாற்றி மாற்றி ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வலையைக் கயிற்றில் விறைப்பாகக் கோக்கக் கூடாது. இழுத்துப் பிடித்தால் 100 மீட்டர் நீளமுள்ள வலையைச் சுமார் 50 மீட்டர் கயிற்றில் சுருக்கிக் கோத்தால் கண்ணி நன்றாக விரிந்து நிற்கும். மீன் மோதியதும் வலை தொய்ந்து சுற்றிக்கொள்ளும்.

மாலையில் வலையைப் போட்டு விடியுமுன் எடுப்பது வழக்கம். தெளிந்த தண்ணீரிலும் நிலா வெளிச்சத்திலும் மீன் வலையைக் கண்டு விலகும். அமாவாசையை ஒட்டிய இரவுகளும், தண்ணீர் சற்றுக் கலங்கிய நாட்களும் ஏற்றவை. ஆழத்தில் நிற்கும் வலையை நள்ளிரவில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது. வலையில் செத்துக் கிடக்கும் மீன் தண்ணீருக்குள்ளேயே கெடத் தொடங்கும்.

கண்ணி சிறுத்தால் வருமானமும் சிறுக்கும்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். இந்த மலை ஆறுகள் நீளம் குறைந்தவை, செங்குத்தானவை, பாறை நிறைந்தவை. ஆகவே இந்த அணைகளில் பிடிபடும் பெருங்கெண்டைகளை யாரோ விட்ட குஞ்சு என்றே கொள்ள வேண்டும். விட்டதை வளரவிடாமல் பிடித்தால் அடுத்த வருடத்துக்கு ஒன்றும் இராது.

கோடையில் தண்ணீர் வற்றி மீன் ஓரிடத்தில் கூடும்போது சிறுகண்ணி வலையால் அரித்தெடுக்கும் ஆசை வரும். கணக்கைப் பார்க்கலாம். 300 கிராம் கட்லா பத்தைப் பிடித்தால் 3 கிலோ. அதே பத்தையும் ஒரு கிலோ ஆகும் வரை விட்டுவைத்து, அவற்றில் மூன்று செத்துப்போனாலும் 7 கிலோ கிடைக்கும். பெரிய மீனுக்குக் கிலோ விலையும் கூடுதல். கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் வலையையே பெருங்கெண்டைக்குப் பயன்படுத்துவது அனைவருக்கும் நன்மை.

சாரல் காலத்தில் கவனம்

ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது அணைகளின் நிலையும் மாறிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தண்ணீரைக் கலக்குகிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த வெள்ளம், அணையின் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் புகுந்து பிராணவாயுவைக் கொண்டு செல்கிறது. கோடையில் மீன் எட்டிப் பார்க்காத ஆழத்திலும் இப்போது மீன் நடமாடும். தரை வலைக்கு இதுவே நல்ல காலம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடியில் கெட்டுக் கிடந்த தண்ணீர் ஒரேயடியாக மேலே கிளம்பினால் மீன் மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறும். அந்த வேளையில் வலை போட்டுக் கலக்காமல், தண்ணீர் தெளியும் வரை விட்டுவைக்க வேண்டும்.

முதல் வெள்ளத்தில் நாட்டுக் கெண்டை வகைகள் ஆற்று முகத்தை நோக்கி எதிரேறிப் போய் முட்டையிடும். ஆறு அணையில் விழும் இடத்தை வலையால் அடைப்பது வயிற்றுப் பிள்ளையோடு தாயைக் கொல்வதற்குச் சமம்.

குஞ்சு விடும் காலம்

சிறிய அணையான குண்டாறு பருவமழையில் விரைவில் நிறைந்து வழிவது. வழிந்தோடும் நாட்களில் அங்கே குஞ்சு விடுவது, ஆற்றில் கொட்டுவதுதான். குண்டாற்றில் வளர்ந்த மீனை மே மாதத்துக்குள் பிடித்துவிடுவதும், வழிவது நின்ற பிறகு குஞ்சு விடுவதும் பொருத்தமானவை. இடைப்பட்ட காலத்தில் குஞ்சுகளைக் குளத்தில் நெருக்கமாக வைத்திருக்கலாம். நெருக்கத்தில் வளர்ச்சி குன்றிய குஞ்சு, விரிந்த தண்ணீருக்கு வந்ததும் வேகமாக வளரும்.

அணையில் விடும் குஞ்சு 100 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாண் நீளத்தில் பாதியாவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறியது விராலுக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும்.

வேண்டாத மீன்கள்

1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, இன்று நீக்க முடியாதபடி பரவிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளிறு வளர்ப்பது அரசால் தடை செய்யப்பட்டது. அது அணையில் புகுந்தால் மற்ற மீன்களை விழுங்கிவிடும். கொடுவா நல்ல விலை போகும் மீன். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்து வழிகாட்டியது. ஆயினும் அது பிற மீனைத் தின்னும் இனம். கெண்டைக் குஞ்சு விட்ட அணையில் அதை விடுவது, ஆட்டுப் பட்டியில் நரியை விடுவது போலாகும்.

உயிரும் சரக்கும்

மேல்காற்று எப்போது வீசும் என்று சொல்ல முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரிசலில் ஒருவர் தனியே போகக் கூடாது. மிதவைச் சட்டை அணிய வேண்டும். மதகு, வழிந்தோடி ஆகியவற்றின் பக்கம் வலை கட்டக் கூடாது. மூழ்கிய கட்டையில் வலை சிக்கினால் அதைக் கழற்றத் தண்ணீரில் குதிக்கவே கூடாது. வலையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

பிடித்த மீனை உடனே நிழலில் வைத்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற கணக்கில் அடுக்க வேண்டும். சீசனில் கூட்டம் பெருகும்போது தரமான மீனுக்கு விலை தானே கிடைக்கும்.

எந்த அணையிலும் மீன் பிடிப்பதற்கு மீன்வளத் துறையின் அனுமதி பெற வேண்டும். காட்டை ஒட்டிய பகுதிகளில் வனத்துறையின் விதிகளும் பொருந்தும். அனுமதி பெற்றவர்கள் ஒன்றுகூடி, கண்ணி அளவு, வலை போடக் கூடாத இடம், பிடிக்காமல் விட வேண்டிய நாட்கள் ஆகிய மூன்றையும் பருவம் தொடங்குமுன் முடிவு செய்துகொண்டால், ஒருவர் விட்ட குஞ்சை மற்றவர் அரித்தெடுக்கும் சச்சரவு குறையும். அணையும் வருடந்தோறும் பலன் தரும்.