டிவிடி மண்டலக் குறியீடும் வீட்டுக் கணினியும்

டிவிடி மண்டலக் குறியீடு என்பது, ஒரு திரைப்பட டிவிடி வட்டு உலகின் எப்பகுதிக்குரிய கருவிகளில் இயங்கலாம் என்பதைக் குறிக்க அவ்வட்டில் பதியப்படும் தகவல் ஆகும். வட்டின் மண்டலமும் கருவியின் மண்டலமும் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. வட்டு பழுதானதாகவோ களவாகப் படியெடுக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டியதில்லை; முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய வட்டுக்கும் இதே நிலைதான். தொலைக்காட்சியுடன் இணைக்கும் டிவிடி பிளேயர்களைவிட வீட்டுக் கணினியில் இக்கட்டுப்பாடு கடுமையானது. கணினியின் டிவிடி இயக்ககம் (டிரைவ்) தன் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்றிக்கொள்ள அனுமதிக்கும். ஐந்தாம் முறை தேர்ந்தெடுக்கப்படும் மண்டலம் அவ்வியக்ககத்தில் நிலைத்துவிடும்.

மண்டலங்கள்

உலகம் ஆறு புவியியல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1 இல் அடங்கும். மேற்கு ஐரோப்பா, சப்பான், மத்திய கிழக்கு நாடுகள், எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகியன மண்டலம் 2 ஆகும். தென்கிழக்காசியா, தென்கொரியா, தாய்வான், ஆங்காங் ஆகியன மண்டலம் 3 இலும், ஆத்திரேலியா, நியூசிலாந்து, இலத்தீன் அமெரிக்கா ஆகியன மண்டலம் 4 இலும் உள்ளன. இந்தியா, இலங்கை, பாக்கித்தான், உருசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆகியன மண்டலம் 5 ஐச் சேர்ந்தவை. சீனா மட்டும் தனியாக மண்டலம் 6 ஆகும். 7 ஆம் எண் சிறப்புத் தேவைகளுக்காக ஒதுக்கப்பட்டது. 8 ஆம் எண் வானூர்தி, பயணக் கப்பல் போன்ற பன்னாட்டு இடங்களுக்கு உரியது.

தமிழர் வாழும் நாடுகளை இப்பட்டியலோடு ஒப்பிட்டால், தமிழ்நாடும் இலங்கையும் ஒரே மண்டலத்திலும், சிங்கப்பூரும் மலேசியாவும் வேறொன்றிலும், இலண்டனும் பாரிசும் வளைகுடா நாடுகளும் இன்னொன்றிலும், டொராண்டோ மற்றொன்றிலும், சிட்னி பிறிதொன்றிலும் அமைகின்றன. தமிழ்த் திரைப்பட வட்டுகள் பெரும்பாலும் எல்லா மண்டலங்களுக்கும் திறந்தே வெளியிடப்பட்டன. எனவே இச்சிக்கல் ஆங்கிலப் படங்களையோ பிறமொழிப் படங்களையோ வெளிநாட்டிலிருந்து வாங்கிவருவோருக்கே மிகுதியாக நேர்ந்தது.

ஏன் ஏற்பட்டது

டிவிடி 1996 நவம்பரில் சப்பானிலும் 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் ஒரு திரைப்படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியாவதில்லை. செலவு மிக்க படச்சுருள்கள் ஒரு நாட்டுத் திரையரங்குகளில் ஓடி முடிந்த பின்னரே அடுத்த நாட்டுக்குச் செல்லும். அமெரிக்காவில் டிவிடி வந்துவிட்ட ஒரு படம் ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ அப்போதுதான் திரைக்கு வரும் நிலையும் இருந்தது. அந்த டிவிடியை அங்கு இறக்குமதி செய்தால் திரையரங்கு வருவாய் குறையும் எனத் தயாரிப்பு நிறுவனங்கள் அஞ்சின. ஒவ்வொரு நாட்டிலும் வெளியீட்டு உரிமை வெவ்வேறு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டிருந்ததும், நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்க விரும்பியதும் பிற காரணங்களாகும். முதற்காரணம் இன்று பெரிதும் மறைந்துவிட்டது. விலையைப் பற்றிய காரணமே நுகர்வோர் அமைப்புகளின் கண்டனத்துக்கு உள்ளானது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு.

2009 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, பிரித்தானியத் தலைமை அமைச்சர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கத் திரைப்பட டிவிடிகளைப் பரிசளித்தார். அவை மண்டலம் 1 வட்டுகள் என்பதால் பிரித்தானியக் கருவியில் ஓடவில்லை எனப் பிரித்தானிய நாளிதழ்கள் எழுதின. நாட்டுத் தலைவர்களுக்கும் இக்குறியீடு விலக்கு அளிப்பதில்லை போலும்.

செயற்படும் விதம்

வட்டில் மண்டலத் தகவல் ஒரு பைட்டு அளவில், அதாவது எட்டு பிட்டுகளில் பதியப்படுகிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்துக்கு உரியது. பிட்டின் மதிப்பு 1 எனில் அம்மண்டலத்தில் தடை. 0 எனில் அனுமதி. இந்தியாவுக்கு மட்டுமான வட்டில் இது 11101111 என இருக்கும். வலப்புறமிருந்து ஐந்தாம் இடத்திலுள்ள 0, மண்டலம் 5 ஐத் திறந்துவிடுகிறது. எட்டும் 0 ஆக இருந்தால் வட்டு எங்கும் ஓடும். உறைகளில் ‘மண்டலம் 0’ என்று அச்சிடப்படுவது இதைத்தான். உண்மையில் அப்படியொரு மண்டலம் கிடையாது.

இப்பைட்டு வெறும் அறிவிப்பு மட்டுமே. அதற்கு வலிமை தருவது சிஎஸ்எஸ் என்னும் மறைகுறியாக்க முறையாகும். திரைப்பட வட்டுகளின் உள்ளடக்கம் 40 பிட்டு நீளமுள்ள சாவிகளால் பூட்டப்படுகிறது. அப்பூட்டைத் திறக்கும் உரிமம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் மண்டலக் குறியீட்டையும் மதித்தாக வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஆகவே சிஎஸ்எஸ் பூட்டு இல்லாத வட்டுகளையும், வீட்டில் பதிவுசெய்த வட்டுகளையும், மென்பொருளோ கோப்புகளோ உள்ள தரவு வட்டுகளையும் கணினியின் இயக்ககம் மண்டலம் பார்த்துத் தடுப்பதில்லை.

பலரும் மண்டலக் குறியீட்டைப் பால், என்டிஎஸ்சி ஆகிய தொலைக்காட்சி முறைகளோடு குழப்பிக்கொள்வதுண்டு. இவை வேறு. பால் முறை வட்டில் படம் 720×576 புள்ளிகளும் நொடிக்கு 25 சட்டங்களும் கொண்டது. என்டிஎஸ்சி முறையில் 720×480 புள்ளிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்களும் உண்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இவ்வேறுபாடு சிக்கலாக இருந்தது. கணினி படத்தை மென்பொருளால் விரித்துத் திரையில் வரைவதால் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும். வெளிநாட்டு வட்டு கணினியில் ஓட மறுத்தால் காரணம் மண்டலமாக இருக்கலாம். பால், என்டிஎஸ்சி வேறுபாடு காரணமாகாது.

இயக்ககமும் ஐந்து வாய்ப்புகளும்

தொடக்கக் காலக் கணினி இயக்ககங்கள் ஆர்பிசி-1 வகையைச் சேர்ந்தவை. அவை மண்டலத்தைச் சோதிக்கவில்லை; அப்பணி இயங்குதளத்துக்கும் படம் காட்டும் மென்பொருளுக்கும் விடப்பட்டது. மென்பொருளை மாற்றினால் தடையும் நீங்கியது. எனவே 2000 சனவரி முதல் தயாரிக்கப்படும் இயக்ககங்கள் ஆர்பிசி-2 வகையாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இவ்வகையில் மண்டல எண்ணும், இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்ற கணக்கும் இயக்ககத்தின் உள்ளேயே சேமிக்கப்படுகின்றன. மண்டலம் பொருந்தாத வட்டை இட்டால், படத்தைத் திறப்பதற்கான சாவியை இயக்ககம் கணினிக்குத் தர மறுக்கும்.

இதிலிருந்து சில விளைவுகள் எழுகின்றன. கணினியின் வன்தட்டை அழித்து விண்டோசை மீண்டும் நிறுவினாலும் எண்ணிக்கை திரும்பாது. இயக்ககத்தை வேறு கணினியில் பொருத்தினாலும் அதே கணக்கு தொடரும். பயன்படுத்திய கணினியை வாங்குவோர், முந்தைய உரிமையாளர் முடக்கிவிட்டுப்போன மண்டலத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர். இயக்ககத்தைத் தயாரித்த நிறுவனம் இக்கணக்கை நான்கு முறை புதுப்பிக்கலாம் என்று தரநிலையில் இடமுண்டு. எனவே கோட்பாட்டளவில் மொத்தம் 25 மாற்றங்கள் இயலும். தனி மனிதர் ஒருவர் தம் மடிக்கணினிக்காக அந்நிறுவனத்தை அணுகி இதைப் பெறுவது நடைமுறையில் எளிதன்று.

கணினிப் பயனர் செய்யக்கூடியவை

முதலில் செய்ய வேண்டியது, எதையும் மாற்றாமல் இருக்கும் நிலையைப் பார்ப்பதாகும். விண்டோசில் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் டிவிடி இயக்ககத்தின் பண்புகளைத் திறந்தால் ‘டிவிடி ரீஜன்’ என்னும் தாவல் தெரியும். நடப்பு மண்டலமும் எஞ்சிய மாற்றங்களும் அங்கு காட்டப்படும். மாக் கணினியில், பொருந்தாத வட்டை இட்டதும் மண்டலத்தை மாற்றலாமா எனக் கேட்கும் சாளரம் தோன்றும். லினக்சில் ‘ரீஜன்செட்’ என்னும் சிறு நிரல் இதே பணியைச் செய்கிறது. இச்சாளரங்களில் எண்ணிப்பாராமல் ‘சரி’ என்பதை அழுத்துவதே பெரும்பாலோர் தம் வாய்ப்புகளை இழக்கும் வழியாகும். ஒரு படம் பார்க்க மண்டலம் 1 க்கு மாற்றி, மறுநாள் மண்டலம் 5 க்குத் திரும்பினால் இரண்டு வாய்ப்புகள் தீர்ந்தன.

இரு மண்டல வட்டுகளைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு எளிய தீர்வு இரண்டாவது இயக்ககம் ஆகும். யூஎஸ்பி வழி இணைக்கும் புற இயக்ககம் தனக்கெனத் தனி மண்டலத்தைக் கொண்டிருக்கும். ஒன்றை மண்டலம் 5 இலும் மற்றதை மண்டலம் 1 இலும் நிறுத்திவிட்டால், எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. மேசைக் கணினிகளில் உள்ளேயே இரண்டு இயக்ககங்களைப் பொருத்தியவர்களும் உண்டு.

கட்டற்ற மென்பொருளான விஎல்சி வேறொரு வழியில் செல்கிறது. பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வீடியோலான் திட்டத்தில் இது உருவானது. இதனுடன் செயற்படும் ‘லிப்டிவிடிசிஎஸ்எஸ்’ என்னும் நிரலகம், இயக்ககம் சாவி தர மறுத்தால், மறையிடப்பட்ட தரவைப் பகுத்தாய்ந்து சாவியைத் தானே கண்டறிய முயலும். 40 பிட்டு சாவி மிகச் சிறியது என்பதாலும் சிஎஸ்எஸ் முறையில் உள்ள குறைகளாலும் இது இயல்கிறது. இதனால் பல இயக்ககங்களில் மண்டலத்தை மாற்றாமலேயே படம் ஓடும். எனினும் சில இயக்ககங்கள், குறிப்பாகச் சில மடிக்கணினிகளில் உள்ளவை, மண்டலம் பொருந்தாதபோது மறையிடப்பட்ட தரவைப் படிக்கவும் விடுவதில்லை. அங்கு இம்முறை பயன்படாது.

இயக்ககத்தின் நிலைபொருளை (ஃபர்ம்வேர்) மாற்றி எழுதி அதனை ஆர்பிசி-1 வகை போல நடக்கச் செய்வது மூன்றாவது வழி. குறிப்பிட்ட மாதிரிக்கு உரியதல்லாத நிலைபொருளை எழுதினாலோ, எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ இயக்ககம் முற்றிலும் செயலிழக்கக்கூடும். உத்தரவாதமும் போய்விடும். புற இயக்ககம் மலிவாகக் கிடைக்கையில் இத்துணிவு தேவையற்றது.

சட்ட நிலை

1999 இல் நார்வே நாட்டு இளைஞர் யோன் லெக் யோகான்சனும் வேறு சிலரும் சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்கும் ‘டிசிஎஸ்எஸ்’ நிரலை வெளியிட்டனர். அப்போது அவருக்கு வயது 15. அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 2003 சனவரியில் ஓசுலோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. தாம் முறைப்படி வாங்கிய வட்டைப் பார்ப்பது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு திசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தடைசெய்கிறது. மண்டலக் குறியீட்டுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை 2003 இல் ஏற்கப்படவில்லை.

ஆத்திரேலியா 2006 இலும் நியூசிலாந்து 2008 இலும் தம் பதிப்புரிமைச் சட்டங்களைத் திருத்தியபோது, முறையான படியை உள்நாட்டில் ஓடவிடாமல் சந்தையைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை எனத் தெளிவுபடுத்தின. இந்தியாவில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. இதன்படி, பதிப்புரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடிப்பது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை இப்பிரிவு தடுப்பதில்லை. சொந்த வட்டை வீட்டில் பார்ப்பவருக்கும், படியெடுத்து விற்பவருக்கும் இடையே கோடு வரையப்பட்டிருப்பது இந்திய வாசகர் கவனிக்கத்தக்கது.

பிற்கால வட்டுகள்

2006 இல் வந்த புளூ-ரே வட்டுகளுக்கு ஏ, பி, சி என மூன்று மண்டலங்களே உள்ளன. இந்தியாவும் சீனாவும் உருசியாவும் சி மண்டலத்தைச் சேர்ந்தவை. கணினியில் இம்மண்டலத்தைச் சோதிப்பது இயக்ககம் அன்று, படம் காட்டும் மென்பொருளே. 2016 இல் விற்பனைக்கு வந்த அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளில் மண்டலக் குறியீடு இல்லை.